பதினெட்டு ஆட்டமா, ஒரே ஆட்டமா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! எங்களை எப்படியாவது தோற்கடித்துவிட வேண்டும் என்று காலையிலேயே ஆம்பூர் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, வேலூர் என்று இந்தப் பாலாற்றுச் சீமை முழுவதிலும் இருந்து வந்து அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, தொலைக்காட்சி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிற அன்பு உள்ளங்களே!

தலைப்பு என்ன? கால்பந்தில் சாம்பியன் பட்டத்துக்கு உரியவர் யார்? லீக் முழுக்க ஆடிப் பட்டியலில் முதலிடம் பிடித்தவரா, பிளே ஆஃப் ஆடிக் கடைசி நாளில் ஜெயித்தவரா? நான் முதலிடம் பிடித்தவர் பக்கம் நிற்கிறேன்.

உள்ளே வரும்போதே ஒரு அம்மா கையைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. "ஏன் சார், இந்தப் பிளே ஆஃப்னா என்ன சார்?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் அதைச் சொல்லவே இல்லை. அம்மா, பத்து அணி இருக்குன்னு வச்சுக்குங்க. ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பது அணியோடவும் ரெண்டு தடவை ஆடணும். ஒரு தடவை நம்ம ஊர்ல, ஒரு தடவை அவங்க ஊர்ல. மொத்தம் பதினெட்டு ஆட்டம். ஜெயிச்சா மூணு புள்ளி, டிரா ஆனா ஒண்ணு, தோத்தா முட்டை. எல்லாம் முடிஞ்ச பிறகு கூட்டிப் பார்த்தா யார் முதல்னு தெரிஞ்சுபோகும். அதோட விட்டா அது லீக். விடாம, "முதல் நாலு பேரும் மறுபடி வாங்கப்பா"ன்னு கூப்பிட்டு, அரையிறுதி வச்சு, இறுதிப் போட்டி வச்சு, அன்னைக்கு ஜெயிச்சவன் கையில கோப்பையைக் கொடுத்தா அது பிளே ஆஃப்.

இன்னும் புரியலையா? வருஷம் பூரா விடியக்காலம் எழுந்து மாமியாருக்குக் காபி போட்டு, மருந்து எடுத்துக் கொடுத்து, கால் பிடிச்சு விடுற மருமகள் ஒருத்தி. தீபாவளிக்கு பெங்களூர்ல இருந்து வந்து ஒரே ஒரு நாள் பாயசம் வச்ச மருமகள் இன்னொருத்தி. அன்னைக்கு வர்ற விருந்தாளிகிட்ட எல்லாம் மாமியார் என்ன சொல்றாங்க? "எங்க சின்ன மருமக பாயசம் சாப்பிட்டுப் பாருங்க!" (பலத்த கைதட்டல்) பாருங்க, நடுவர் அவர்களே, தாய்மார்கள் பக்கத்தில் எத்தனை கை தட்டுதுன்னு பாருங்க. அத்தனையும் பெரிய மருமகள்!

இப்ப நான் ஒரு உண்மையை ஒத்துக்கணும். நான் சென்னை அணிக்குக் கத்துகிறவன். அதனால இந்தப் பக்கம் நின்று பேசுவது எனக்கு வலிக்கிற காரியம். ஏன் என்றால், இந்தப் பிளே ஆஃப் முறையால் லாபம் அடைந்ததே நாங்கதான்!

2017-18 ஐ.எஸ்.எல். போட்டி. பெங்களூரு அணி அந்த லீகுக்குள் காலடி எடுத்து வைத்த முதல் வருஷம். பதினெட்டு ஆட்டத்தில் 40 புள்ளி. முதலிடம். இரண்டாவது யாரு? நம்ம சென்னையின் எஃப்.சி. எத்தனை புள்ளி? 32. எட்டுப் புள்ளி வித்தியாசம் என்றால் சாதாரணமா? கிட்டத்தட்ட மூணு வெற்றி. மாசக்கணக்கா ஆடி, பெங்களூர்க்காரன் அவ்வளவு தூரம் முன்னால போயிட்டான். அப்புறம் 2018 மார்ச் 17 சாயங்காலம், அவன் ஊரிலேயே, கண்டீரவா மைதானத்திலேயே இறுதிப் போட்டி. முதல் கோல் சுனில் சேத்ரி. சரி, கதை முடிஞ்சதுன்னு நான் டிவியை அணைக்கப் போனேன். மெயில்சன் ஆல்வஸ் தலையால முட்டி ஒண்ணு. மறுபடி தலையால முட்டி இன்னொண்ணு. அப்புறம் ரஃபேல் அகஸ்டோ ஒண்ணு. 3-2. சென்னை சாம்பியன்! வீட்டில் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ அசம்பாவிதம்னு ஓடி வந்துட்டார்.

அடுத்த வகுப்புக்குப் போறேன். கடைசி பெஞ்சு மாணவன் ஒருத்தன் எழுந்தான். "ஐயா, எட்டுப் புள்ளி பின்னாடி நின்னவன் எப்படிய்யா சாம்பியன்?" என்றான். நடுவர் அவர்களே, எனக்கு முனைவர் பட்டம் இருக்கிறது. பதில் இல்லை. அன்றைக்கு மணி அடித்ததால் தப்பித்தேன்.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன். சென்னை சூப்பர் கிங்ஸ் 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பை வாங்கியது. அந்த ஐந்து வருஷத்தில் ஒரு வருஷம்கூட லீக் பட்டியலில் முதலிடம் கிடையாது. முதலிடம் பிடித்தது எப்போ? 2013, 2015. அந்த இரண்டு வருஷமும் கோப்பையை யார் தூக்கினாங்க? மும்பை! இதைவிட என்னத்தைச் சொல்ல? (சிரிப்பு)

எதிரணியில் பேசிய அம்மையார் பிரியாணியை இழுத்தார். "சீரகச் சம்பா நல்லதா இருக்கலாம், கறி நல்லதா இருக்கலாம், கடைசியில் தம் போடும்போது அடிபிடிச்சால் எல்லாம் போச்சு. கடைசி நேரத்தில் தாங்குகிறவன்தான் வீரன்" என்றார். நல்ல வாதம். ஆனால் அம்மா, ஒரு பிரியாணி மாஸ்டர் வருஷம் பூரா தினமும் ஒரு தேக்சா இறக்குகிறார். ஒரே ஒரு நாள் அடிபிடித்துவிட்டது. அதற்காக அவருடைய கடையை மூடிவிட்டு, எதிர்க்கடைக்காரருக்கு மாலை போடுவீங்களா? தம் கடைசியில்தான், ஒத்துக்கறேன். அந்தத் தம் அவர் ஒரு நாளா போட்டார்? முந்நூற்று அறுபத்தஞ்சு நாளும் போட்டார் அம்மா! லீகில் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு தம்தான்.

சாப்பாட்டை விடுங்க. இந்த ஊர் தோல் ஊர். கால்பந்துக்கும் தோலுக்கும் பழைய உறவு. உலகக் கோப்பையில் 1982 வரைக்கும் பந்திலே தோல் இருந்தது. 1986 மெக்சிகோவில்தான் முழுக்கச் செயற்கைப் பொருளில் பந்து வந்தது. போகட்டும். தோலுக்குத் தரம் போடுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன். சுண்ணாம்பில் ஊறி, சதை சீவி, பதனிட்டு, காய்ந்து வந்த தோலை ஒவ்வொன்றாக விரிப்பார். வெளிச்சத்தில் பிடிப்பார். உள்ளங்கையால் தடவுவார். உண்ணி கடித்த தழும்பு எங்கே, முள் கீறின கோடு எங்கே, கத்தி பட்ட இடம் எங்கே என்று பார்த்துவிட்டு, இது முதல் தரம், இது மூணாம் தரம் என்று தனித்தனியாக அடுக்குவார். மேலே கிடக்கிற ஒரே ஒரு தோலை எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கட்டு முழுக்க முதல் தரம்பா"ன்னு சொன்னாருன்னா மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா? லீக் பட்டியல் என்பது ஒவ்வொரு தோலையும் தடவிப் பார்த்துப் போட்ட தரம். இறுதிப் போட்டி? மேலே கிடக்கிற ஒரு தோல்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி. அவளுடைய அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. அப்பர் தைக்கிற லைன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று. மாசக்கணக்கில் தைத்துப் பெட்டியில் அடுக்கியாச்சு. கப்பலுக்குப் போக வேண்டிய நாள் நெருங்குது. வாங்குகிறவர் சார்பில் ஒருத்தர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். எல்லாப் பெட்டியையும் திறக்க முடியாது, அங்கொண்ணு இங்கொண்ணா எடுத்தார். எடுத்ததில் நாலு ஜோடியில் பசை வெளியே வந்திருக்கு, ஒண்ணுல நூல் பிசிறு. மொத்தச் சரக்கும் நிறுத்தம். அத்தனை பெட்டியையும் மறுபடி பிரிச்சுப் பார்க்கச் சொல்லி, அந்த லைன் பெண்கள் ரெண்டு ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை. அப்புறம் சரக்கு போச்சு. மற்ற ஜோடியில் பெரிதாகக் குறை ஒன்றும் இல்லையாம்.

அந்த அம்மாவை ஒரு நாள் கல்லூரியில் பார்த்தபோது கேட்டேன். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாங்க: "மாசக்கணக்கா தெச்சோம் சார். அந்த நாலு ஜோடிதான் அவர் கண்ணுல பட்டுச்சு."

நடுவர் அவர்களே, வியாபாரத்தில் அது வேற வழியில்லாத ஏற்பாடு. லட்சம் ஜோடியைத் திறந்து பார்க்க அவருக்கு நேரம் இல்லை. ஆனால் கால்பந்தில்? பதினெட்டு ஆட்டத்தையும் ஆடியாச்சு, பார்த்தாச்சு, எழுதியாச்சு. எல்லாப் பெட்டியும் திறந்தே கிடக்குது! அப்புறமும் எதுக்கு நாலு ஜோடியை வச்சுத் தீர்ப்பு?

"விறுவிறுப்பு இருக்காதே, யார் முதல்னு முன்னாலேயே தெரிஞ்சுட்டா எவன் பார்ப்பான்"னு எதிரணித் தம்பி கேட்டார். தம்பி, உங்களைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போறேன் வாங்க. 2019 மார்ச் 9. ஐ-லீக். அதில் பிளே ஆஃப் கிடையாது. மொத்தம் இருபது ஆட்டம், பட்டியல்தான் தீர்ப்பு. பத்தொன்பது ஆட்டம் முடிஞ்சாச்சு. நம்ம சென்னை சிட்டி அணி 40 புள்ளி. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39. கடைசி நாள் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஆட்டம். இவங்க கோவை நேரு மைதானத்தில் மினர்வா பஞ்சாபோட. அவங்க கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோட. இங்கே தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மினர்வா கோல் போட்டுட்டான். மைதானத்தில் ஒரு காதில் ஆட்டச் சத்தம், இன்னொரு காதில் கோழிக்கோட்டுச் செய்தி. அங்கே ஈஸ்ட் பெங்கால் முதலில் பின்தங்கி, அப்புறம் ரெண்டு கோல் போட்டு ஜெயிச்சாச்சு. இங்கே? பெனால்டியில் பெட்ரோ மான்சி ஒண்ணு. அப்புறம் கௌரவ் போரா. அவர் தடுப்பு ஆட்டக்காரர் ஐயா, கோல் போடுறது அவர் வேலையே இல்லை! அவர் ரெண்டு போட்டார். 3-1. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. கொல்கத்தாவின் நூற்றாண்டுப் பெருமை உள்ள அணிகளை எல்லாம் தள்ளிவிட்டு ஒரு புள்ளியில் தமிழ்நாட்டு அணிக்குப் பட்டம். இதைவிட விறுவிறுப்பு எந்த இறுதிப் போட்டியில் இருந்துச்சு? அந்தப் பட்டத்தைப் பார்த்து எந்தக் கடைசி பெஞ்சுக்காரனும் எழுந்து கேள்வி கேட்க முடியாது. (கைதட்டல்)

அந்த ஒரு புள்ளி எங்கே கிடைச்சது? எந்த ஊரிலோ, எந்த மாசத்திலோ, யாருமே பார்க்காத ஏதோ ஒரு டிராவில் கிடைச்சிருக்கும். அதைத்தான் நான் சொல்றேன்.

இப்ப எதிரணி சொன்னதிலேயே என்னைத் தூங்கவிடாத வாதத்துக்கு வர்றேன். 2015. நவம்பர், டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்த வருஷம். சென்னையின் எஃப்.சி. ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. தட்டுத் தடுமாறி எழுந்து மூன்றாம் இடத்துக்கு வந்தது. அரையிறுதி ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆட முடியாமல் புனேயில் ஆடியது. டிசம்பர் 20, கோவா ஃபடோர்டா மைதானத்தில் இறுதிப் போட்டி. தொண்ணூறாவது நிமிஷம் நெருங்கும்போது கோவா 2-1 முன்னிலை. அப்புறம் கோவா கோல்கீப்பர் கையாலேயே ஒரு கோல், கூடுதல் நிமிஷத்தில் மென்டோசா ஒரு கோல். 3-2. வீட்டில் தண்ணி வடிஞ்சும் வடியாம, பாய் தலையணையை வெயில்ல காயப்போட்டுக்கிட்டு இருந்த ஒரு நகரத்துக்கு அந்தக் கோப்பை போச்சு. "பிளே ஆஃப் இல்லேன்னா இந்த நாள் வந்திருக்குமா?"ன்னு எதிரணித் தலைவர் கேட்டார்.

வந்திருக்காது ஐயா. நான் மறுக்கவில்லை. கீழே விழுந்தவனுக்கு இன்னொரு கதவு வேண்டும். அந்தக் கதவை மூடச் சொல்லி நான் இங்கே வரவில்லை. கோப்பை கொடுங்க, மாலை போடுங்க, பட்டாசு வெடிங்க. நானும் வெடிச்சேன். ஆனால் அதுக்குக் கோப்பைன்னு பேர் வைங்க. சாம்பியன் என்கிற பேரை மட்டும் வருஷம் பூரா உழைச்சவனுக்கு விட்டுக்கொடுங்க. நடத்தினவங்களுக்கே இது உறுத்தியிருக்கு! 2019-20இல் லீகில் முதலிடம் பிடிப்பவருக்குத் தனியா ஒரு கேடயம்னு அறிவிச்சாங்க. முதல் கேடயம் எஃப்.சி. கோவாவுக்கு. ஆசிய சாம்பியன்ஸ் லீக் போட்டிக்குப் போகிற வாய்ப்பும் அந்தக் கேடயத்தோட போச்சு. அந்த வருஷம் கோவாவை அரையிறுதியில் வீழ்த்தியது யாரு? நாலாம் இடத்தில் நின்ற நம்ம சென்னைதான். வீழ்த்தியும் கேடயம் கோவாகிட்டதான் இருந்தது. எனக்கு வருத்தமே இல்லை.

அமெரிக்கா கதை ஒன்றும் சொன்னாங்க. "அங்கே கல்லூரி ஃபுட்பாலிலேயே பிளே ஆஃப் கொண்டுவந்துட்டான், நீங்க இன்னும் பழைய காலத்தில் இருக்கீங்களே"ன்னு. அந்த ஃபுட்பால் வேற சமாச்சாரம். பந்தைக் கையில் தூக்கிக்கிட்டு ஓடுறான், பேரு மட்டும் ஃபுட்பால். (சிரிப்பு) அங்கே மேல்மட்டத்தில் 130க்கும் அதிகமான கல்லூரி அணிகள். ஒரு பருவத்தில் ஓர் அணிக்குப் பன்னிரண்டு ஆட்டம்தான். அப்ப முக்கால்வாசிப் பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவே மாட்டாங்க. எப்படிச் சாம்பியனைத் தேர்ந்தெடுத்தாங்க தெரியுமா? பத்திரிகைக்காரர்களும் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போட்டு! நம்ம நடுவர் தீர்ப்பு மாதிரி. நம்ம நடுவராவது எல்லாருடைய பேச்சையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார். சண்டை ஓயாமல் 1998இல் முதல் இரண்டு அணியை மோத விட்டாங்க. 2014இல் நாலு ஆக்கினாங்க. 2023இல் ஃப்ளோரிடா ஸ்டேட் என்ற அணி பதிமூணு ஆட்டம் ஆடிப் பதிமூணும் ஜெயிச்சது. அதற்கு அந்த நாலில் இடம் இல்லை! குழு உட்கார்ந்து பேசி, முக்கிய ஆட்டக்காரருக்கு அடிபட்டிருக்கு, இனி தாங்காதுன்னு ஒதுக்கிட்டாங்க. 2024இல் பன்னிரண்டு ஆக்கினாங்க. அந்தப் பருவத்தில் ஓரிகன் என்ற அணி ஒரு தோல்வி கூட இல்லாமல் பதிமூணு ஜெயிச்சு முதலிடம். பட்டம் ஒஹையோ ஸ்டேட்டுக்கு. அது வழியில் இரண்டு ஆட்டம் தோற்ற அணி. அதில் ஒரு தோல்வி அதே ஓரிகனிடம்!

ஆனாலும் அமெரிக்கர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாரும் எல்லாரோடும் மோத முடியாத இடத்தில் பிளே ஆஃப் வேண்டும். ஓட்டைவிட ஆட்டம் மேல். நம்ம ஊர்க் கல்லூரிப் போட்டியும் அப்படித்தான். ஒரு வருஷம் எங்கள் கல்லூரி அணியோடு பொறுப்பாசிரியராக நான் போனேன். தமிழ் வாத்தியாருக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க, உடற்கல்வி இயக்குநர் விடுப்பு. பையன்கள் கடன் வாங்கிப் புது பூட்ஸ் வாங்கியிருந்தாங்க. நாக் அவுட். காலை எட்டரைக்கு முதல் ஆட்டம். எங்க கோல்கீப்பருக்கு ராத்திரி பூரா காய்ச்சல். பெனால்டியில் தோத்தோம். பதினோரு மணி பஸ்ஸில் ஏறிட்டோம். புது பூட்ஸில் மண் கூட ஒட்டலை. ஒருத்தனும் பேசவில்லை. வாணியம்பாடி தாண்டும்போது அந்தக் கோல்கீப்பர் மட்டும், "ஐயா, நாளைக்கு ஆடினா ஜெயிப்போம்யா" என்றான். நாளைக்கு ஆட்டம் ஏது?

அங்கே வேறு வழி இல்லை. ஒரு மைதானம், மூணு நாள், ஏகப்பட்ட கல்லூரி. ஆனால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மண்டலப் போட்டிகளைப் பாருங்க. நாக் அவுட் வைத்துக் கடைசி நாலு அணி வந்ததும், அந்த நாலையும் லீக் ஆட விடுகிற வழக்கம் உண்டு. ஒரே ஆட்டத்தை நம்ப அவங்களுக்கே மனசு வரவில்லை! அந்த 2017-18 ஐ.எஸ்.எல்.லில் அந்த நெருக்கடி எதுவும் இல்லை. ஒருத்தனோட ஒருத்தன் ரெண்டு தடவை மோதி முடிச்சாச்சு. எங்க கோல்கீப்பர் கேட்ட அந்த "நாளைக்கு" அங்கே எல்லாருக்கும் கிடைச்சது, பதினெட்டு தடவை.

கடைசியா, எதிரணித் தலைவர் பிள்ளையாரைக் கூட்டிட்டு வந்தார். அப்பா அம்மாவை ஒரு சுற்றுச் சுற்றி மாம்பழத்தை வாங்கினாரே, அதுதான் பிளே ஆஃப் புத்திசாலித்தனம் என்றார். ஐயா, உலகம் முழுக்கச் சுற்றினவர் யாரு? முருகன். மயில் மேல ஏறி, ஒரு ஊர் விடாமல், வெளியூர் ஆட்டம் எல்லாம் ஆடிவிட்டு வந்தார். பிள்ளையார் சொந்த மைதானத்திலேயே ஒரே ஒரு ஆட்டம். பழம் அவருக்கு. முருகன் என்ன பண்ணினார்? கோவிச்சுக்கிட்டுப் பழனி மலையில் போய் நின்னார். இன்றைக்கு வரைக்கும் சனங்க காவடி தூக்கிக்கிட்டு யார் பின்னால் நடக்கிறாங்க? (பலத்த கைதட்டல்) பழனி எதுக்கு, இதோ பக்கத்தில் வள்ளிமலை இருக்கு, ஆடிக் கிருத்திகைக்குப் போய்ப் பாருங்க.

மணி அடிச்சாச்சு. முடிச்சுக்கறேன். நடுவர் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எனக்குப் பிறகு பேசப்போகிறவர் எதிரணித் தலைவர். கடைசிப் பேச்சு அவருடையது. நல்லாப் பேசுவார், எனக்குத் தெரியும், இருபது வருஷமா அவர்கிட்ட தோத்துக்கிட்டு இருக்கேன். அவர் பேசி முடிச்ச உடனே கைதட்டல் வானத்தைப் பிளக்கும். அந்தச் சத்தத்தோட சூட்டில் தீர்ப்பை எழுதிடாதீங்க ஐயா. எங்க அணியில் முதலில் பேசிய அந்தப் பொண்ணு சொன்னதில் இருந்து எல்லாத்தையும் ஒருமுறை கூட்டிப் பார்த்துட்டு எழுதுங்க.